முந்திச் சொன்ன சோதனை

எங்கள் ஆய்வகப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை நான் அடிக்கடி திருப்பிப் பார்க்கிறேன். குஞ்சு பொரிக்க முட்டையிடும் ஒரு தாய்க்கோழி பேட்ச்சின் மாதாந்திர ரத்தப் பரிசோதனை அது. முப்பது கோழிகளின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம். மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பாக்டீரியாவுக்கான தட்டுச் சோதனையில் ஒன்பது பாசிட்டிவ். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் அளக்கும் எலைசாவில் இரண்டு எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, மற்றவை சுத்தம். ரத்த அணுக்கள் திரள்வதை ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்க்கும் எச்.ஐ. சோதனையில் ஒரே ஒரு கோழி 1/40 (சீரத்தை நாற்பதில் ஒன்றாகக் கரைத்தும் வேலை செய்தது), மற்றவை அதற்கும் கீழே. கடைசியில் என் கையெழுத்தில் ஒரு வரி: "தட்டுச் சோதனையில் நான்-ஸ்பெசிஃபிக் திரட்சி, பேட்ச் நெகட்டிவ்." அதாவது, தட்டில் திரண்டது இந்தக் கிருமியால் அல்ல, வேறு ஏதோ காரணத்தால். அந்த வரியை எழுதிய நாளில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. மூன்று சோதனைகளில் இரண்டு ஒரே பக்கம் நின்றன. அவை இரண்டும் உழைப்பும் நுட்பமும் கேட்பவை, படிக்கும் காலத்தில் மதிப்போடு சொல்லித் தரப்பட்டவை. எதிர்ப்பக்கம் தனியாக நின்றது ஒரு வெள்ளைத் தட்டும் சில சொட்டு ஊதாத் திரவமும்தான்.

அதன்பின் நான்கு வாரங்கள் அந்த பேட்ச்சின் முட்டைகள் வழக்கம்போல் பொரிப்பகத்துக்குப் போயின. நான்காவது வாரத்து ரத்தம் வந்தபோது அந்த வரி தவறு என்று தெரிந்துவிட்டது. தவறு நடந்தது என்பதை ஒருவழியாக ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு என் கையில் இருந்த மூன்று முடிவுகளில் எதுவும் பொய் இல்லை. மூன்றும் சரியாகச் செய்யப்பட்டவை. அப்படியிருக்க, அவற்றைச் சேர்த்துப் படித்த நான் எப்படித் தவறான இடத்துக்குப் போனேன்?

தாய்க்கோழி பேட்ச் என்பதால்தான் இது இவ்வளவு கனக்கிறது. மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும். பண்ணைக்காரர்கள் சி.ஆர்.டி. என்று சொல்லும் நாள்பட்ட சுவாச நோய்க்கு இதுதான் மூலம். ஒரு தாய்க்கோழி ஷெட்டில் தவறவிட்டது, பொரிப்பகம் வழியாகப் பல குஞ்சுப் பண்ணைகளுக்குப் பிரிந்து போய்விடும். அதிலும் தொற்று நுழைந்த ஆரம்ப வாரங்களில்தான் முட்டை வழிக் கடத்தல் உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்லக் குறையும், அறவே நிற்காது. அதாவது, நாம் தயங்கும் வாரங்கள்தான் நோய்க்கு மிக வசதியான வாரங்கள்.

ஊதாச் சொட்டு

தட்டுச் சோதனையைக் கையால் செய்தவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் இருக்கும். கொல்லப்பட்ட மைக்கோபிளாஸ்மா செல்களுக்குக் கிரிஸ்டல் வயலெட் சாயம் ஏற்றி வைத்த ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும் பொருள்) ஒரு சொட்டு. அதே அளவு சீரம் ஒரு சொட்டு. ஒவ்வொன்றும் சுமார் 0.02 மில்லி. குச்சியால் கலந்து, தட்டை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்து ஆட்ட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சொட்டு காயத் தொடங்கி, ஓரத்தில் ஒதுங்குவதெல்லாம் திரட்சி மாதிரித் தெரியும். உண்மையான பாசிட்டிவ் என்றால், ஒரே சீராக இருந்த ஊதா நிறம் கண்ணெதிரே மணல்மணலாகத் திரிந்து, நடுவில் திரவம் தெளிந்துவிடும். முப்பது சீரத்தையும் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். கருவி வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அது சும்மா வந்த பெயரும் இல்லை. கொன்ற கிருமியால் செய்த எண்ணெய்த் தடுப்பூசி போட்ட பிறகு சில வாரங்களுக்கு, மைக்கோபிளாஸ்மாவையே பார்த்திராத கோழிகளின் சீரமும் திரளும். காரணம் சுவாரசியமானது. மைக்கோபிளாஸ்மாவை வளர்க்கும் ஊடகத்தில் பன்றியின் அல்லது குதிரையின் சீரம் சேர்ப்பார்கள். அந்தப் புரதங்கள் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு ஆன்டிஜெனோடு வந்துவிடுகின்றன. தடுப்பூசியிலும் விலங்குப் புரதங்கள் இருந்திருந்தால், கோழி அவற்றுக்கு எதிராக உருவாக்கிய ஆன்டிபாடி தட்டில் இவற்றைப் பிடித்துக்கொள்ளும். உறையவைத்து உருக்கிய சீரமும் ஏமாற்றும். அதனால்தான் தட்டுச் சோதனைக்கான சீரத்தைக் குளிர்பெட்டியில் உறையாமல் வைத்து, எடுத்த 72 மணி நேரத்துக்குள் பார்த்துவிடச் சொல்கிறார்கள். ரத்தச் சிவப்பு ஏறிய சீரம், கெட்டுப்போன சீரம், உறவினரான மைக்கோபிளாஸ்மா சைனோவியேயால் வரும் குறுக்கு வினை, நாள்பட்ட ஆன்டிஜென் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கெட்ட பெயரை நான் நேரிலேயே அனுபவித்திருந்தேன். அதற்கு முந்தைய வருடம் வேறொரு பண்ணையின் வளரும் தாய்க்கோழிகளில் முப்பதுக்கு இருபது சீரம் தட்டில் திரண்டது. பதறிப்போய்ப் பண்ணைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அந்தக் கோழிகளை முட்டை ஷெட்டுக்கு மாற்றும் வேலை நின்றது. இட நெருக்கடியில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் தட்டும் சுத்தம், எலைசாவும் சுத்தம், மூச்சுக்குழலில் பஞ்சுக்குச்சியால் எடுத்த துடைப்பில், கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆரும் சுத்தம். எண்ணெய்த் தடுப்பூசி போட்டு இரண்டே வாரத்தில் ரத்தம் எடுத்திருந்தார்கள், நான் கேட்கவில்லை. அதிலிருந்து தட்டுச் சோதனை பாசிட்டிவ் என்றாலே என் முதல் கேள்வி "எப்போது ஊசி போட்டீர்கள்?" என்றானது. அது நல்ல கேள்விதான். ஆனால் கொஞ்ச நாளில் அது கேள்வியாக இல்லாமல், முன்கூட்டியே எழுதி வைத்த பதிலாக மாறிவிட்டிருந்தது.

ஆக, இந்த ஒன்பது வந்தபோது பண்ணையிடம் கேட்டேன். ஐந்து வாரத்துக்கு முன் எண்ணெய்த் தடுப்பூசி போட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் மூத்த தொழில்நுட்பர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் அக்காதான். தட்டைக் கழுவாமல் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். "டாக்டர், இதுல ஆறு சீரம் நாலுல ஒண்ணாக் கரைச்ச பிறகும் திரளுது. சும்மா வர்ற திரட்சி இப்படி நிக்காதே. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லுங்களேன்" என்றார். அவர் சொன்னது சரியான முறை. கரைத்த பிறகும் நிற்கும் திரட்சியை நோய்க்கான சான்றாக எடுக்க வேண்டும் என்பது எல்லாக் கையேட்டிலும் இருப்பது. "எலைசாவும் எச்.ஐ.யும் சுத்தம்கா. அடுத்த மாசம் எப்படியும் வரும், அப்பப் பார்த்துக்கலாம்" என்றேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பதிவேட்டில் பென்சிலால் அந்த ஆறு எண்களைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்ததைப் பின்னால்தான் பார்த்தேன்.

நான்காவது வாரம்

அந்தப் பண்ணையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ரத்தம் எடுக்கும் கோழியின் காலில் எண் வளையம் மாட்டிவிடுவார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் கைக்குக் கிடைத்த கோழியைப் பிடித்து இறக்கை நரம்பில் ரத்தம் எடுப்பதுதான் நடப்பு. இந்த முறை மேலாளர் பழைய வளையங்களைத் தேடிப் பிடித்து அதே முப்பது கோழிகளின் ரத்தத்தை அனுப்பியிருந்தார். அது இல்லாமல் போயிருந்தால் நான் எதையும் கற்றிருக்க மாட்டேன். "இந்த மாதம் பாசிட்டிவ், போன மாதம் நெகட்டிவ், நடுவில் எப்போதோ நோய் நுழைந்துவிட்டது" என்று ஒரு கதை சொல்லி முடித்திருப்பேன். அது எனக்கு வசதியான கதையாகவும் இருந்திருக்கும்.

எலைசாவில் முப்பதுக்கு பத்தொன்பது பாசிட்டிவ். எச்.ஐ.யில் பதினான்கு கோழிகள், பாசிட்டிவ் என்று கொள்ளும் 1/80-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தன. நான் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளைய எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். போன மாதம் தட்டில் திரண்ட ஒன்பதில் எட்டு இப்போது எலைசாவில் பாசிட்டிவ். அந்த எட்டும் எச்.ஐ.யிலும் பாசிட்டிவ். அக்கா பென்சிலில் வட்டமிட்ட ஆறும் அதற்குள் இருந்தன. ஒரே ஒரு கோழி மட்டும், தட்டில் திரண்டது, இப்போது மூன்று சோதனையிலும் சுத்தமாக இருந்தது. உண்மையிலேயே சம்பந்தமில்லாத திரட்சி என்றால் அது அந்த ஒன்றுதான். மீதி பதினொரு புதிய பாசிட்டிவ், போன மாதம் எந்தச் சோதனையிலும் தலைகாட்டாத கோழிகள். நோய் ஷெட்டுக்குள் நுழைந்து முதலில் பிடித்த கோழிகளைத் தட்டுச் சோதனை அன்றே காட்டியிருந்தது. அலையின் முன்விளிம்பை அது பார்த்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

மேலாளரிடம் பேசியபோது அவர் கோபப்படவில்லை. "டாக்டர், போன மாசம் சுத்தம்னுதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குள் அந்த முட்டைகளிலிருந்து பொரித்த குஞ்சுகள் போன இடங்களில் இரவில் ஷெட்டுக்குள் கரகரவென்று குறட்டைச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. இறந்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்தபோது காற்றுப்பைகளில் தயிர்க்கட்டி போன்ற மஞ்சள் படிவு. மைக்கோபிளாஸ்மா கதவைத் திறந்துவிட்டது, ஈ.கோலை பின்னாலேயே நுழைந்துவிட்டது. இந்த ஜோடியைக் கோழி மருத்துவம் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காரணம் பாடப்புத்தகத்திலேயே இருப்பதுதான். தொற்று நுழைந்ததும் கோழி முதலில் உண்டாக்குவது ஐஜிஎம் வகை ஆன்டிபாடி. ஒரு ஐஜிஎம் மூலக்கூறு ஐந்து துண்டுகள் சேர்ந்தது. பிடித்துக்கொள்ளப் பத்து கைகள். இரண்டு செல்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான மூலக்கூறு கிடையாது. அதனால் தொற்றிய ஏழிலிருந்து பத்து நாளில் தட்டில் திரட்சி தெரியத் தொடங்கும். எலைசா கிட்டில் நாம் ஊற்றும் கன்ஜுகேட் (ஆன்டிபாடியில் ஒட்டிக்கொண்டு நிறம் காட்ட உதவும் திரவம்) பெரும்பாலும் கோழியில் பின்னால் எழும் ஐஜிஒய் வகை ஆன்டிபாடியைத் தேடும் ஒன்று. அந்த ஆன்டிபாடி போதிய அளவு சேர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்ட இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும். எச்.ஐ. இன்னும் தாமதம், மூன்று வாரம்கூட ஆகலாம். போதாததற்கு, எச்.ஐ.யில் நாம் பயன்படுத்தும் ஆன்டிஜென் கிருமியின் எந்த விகாரத்திலிருந்து (ரகத்திலிருந்து) வந்ததோ அதிலிருந்து பண்ணையில் சுற்றும் விகாரம் விலகியிருந்தால் அளவு இன்னும் குறைத்துக் காட்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் முடிவுத்தாளில் மூன்று நெடுவரிசைகள் அருகருகே நிற்கும்போது மூன்றும் ஒரே நேரத்தைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றிவிடுகிறது. ஒரே குழாயிலிருந்து எடுத்த சீரம்தான், ஒரே நாளில் செய்த சோதனைதான். ஆனால் ஒன்று போன வாரத்து நிலவரத்தைச் சொல்கிறது, இன்னொன்று அதற்கும் முந்தைய வாரங்களை.

இரண்டு சாட்சிகள்

இதற்குப் பிறகு, ரத்தச் சோதனைகளை ஒப்பிடும் ஆய்வுகளை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. வழக்கமான அமைப்பு இதுதான்: பல பண்ணைகளிலிருந்து ஒரு முறை சீரம் எடுப்பார்கள், எல்லாச் சோதனைகளையும் செய்வார்கள், ஒன்றை அளவுகோலாக வைத்து மற்றவற்றின் உணர்திறனும் (நோயுள்ளதைப் பிடிக்கும் திறன்) தனித்தன்மையும் (நோயில்லாததைச் சுத்தம் என்று சொல்லும் திறன்) கணக்கிடுவார்கள். தட்டுச் சோதனைக்கு எதிரே பெரும்பாலும் அளவுகோலாக நிற்பது எச்.ஐ.தான். அப்போது என்ன நடக்கும் என்று என் முப்பது கோழிகளை வைத்தே பாருங்கள். முதல் நாளில் எச்.ஐ. முப்பதையும் நெகட்டிவ் என்றது. அதை உண்மையாக எடுத்தால், தட்டு முப்பதில் ஒன்பது பொய் சொன்னது. தனித்தன்மை 70 சதவீதம், மோசமான சோதனை. இப்போது நான்கு வாரம் கழித்து வந்த எலைசாவை உண்மையாக எடுங்கள். கடைசிவரை சுத்தமாக நின்ற கோழிகள் பதினொன்று. அவற்றில் தட்டு தவறாகத் திரண்டது ஒன்றில். தனித்தன்மை 91 சதவீதம். அதே தட்டு, அதே சொட்டுகள், மாறியது நாம் எந்த நாளில் நின்று நீதி சொல்கிறோம் என்பது மட்டும். ஒரு பேட்ச்சின் முப்பது கோழிகளை வைத்து ஒரு சோதனைக்கு மதிப்பெண் போட முடியாது, அது எனக்குத் தெரியும். இந்த எண்களை நான் சொல்வது சறுக்கல் எங்கே நடக்கிறது என்று காட்டத்தான். ஒரே நாள் ரத்தத்தை வைத்து, தாமதமாக விழிக்கும் சோதனையை நீதிபதியாக்கினால், முந்திச் சொன்ன சோதனை எப்போதும் பொய்யனாகத்தான் தெரியும்.

"மூன்றில் இரண்டு" என்று நான் எண்ணியதும் அதே மாதிரித் தவறு. எலைசாவும் எச்.ஐ.யும் ஒத்துப்போனது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் இரண்டுமே தாமதமாக எழும் ஆன்டிபாடியைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இன்னும் சேரவில்லை என்றால் இரண்டும் சேர்ந்தே தவறும். இரண்டு சாட்சிகள் வந்ததாக நினைத்தேன். ஒரே சாட்சி இரண்டு முறை கூண்டேறியிருக்கிறது. ஒத்துப்போவதை அளக்க ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா எண் இன்றும் எல்லா ஒப்பீட்டிலும் வருகிறது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும் நல்ல அளவு அது. ஆனால் இரண்டு சோதனைகள் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அது சொல்லும், அவற்றில் எது சரி என்பதை அல்ல. கப்பா அதிகம் என்றால் இரண்டும் நம்பகமானவை என்று எழுதிவிடுகிறார்கள். அளவுகோலே இல்லாமல் இரண்டு சோதனைகளை மதிப்பிட ஹுய், வால்ட்டர் என்ற இருவர் 1980-இல் ஒரு வழி சொன்னார்கள். நோய் குறைவான ஒரு கூட்டம், நிறைய உள்ள இன்னொரு கூட்டம், இரண்டிலும் இரண்டு சோதனைகளைச் செய்தால் உணர்திறனையும் தனித்தன்மையையும் கணக்காக வருவித்துவிடலாம். அழகான வழி. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு சோதனைகளும் ஒன்றின் தவறை இன்னொன்று சார்ந்திருக்கக்கூடாது. எலைசாவையும் எச்.ஐ.யையும் ஜோடியாக வைத்தால் அந்த நிபந்தனை முதலிலேயே ஆட்டம் காண்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தட்டு பாசிட்டிவ் என்றதும் பேட்ச்சையே ஒழித்துவிடப் புறப்பட வேண்டாம். அதற்கு எதிரான கணக்கும் அதே அளவு கூர்மையானது. தனித்தன்மை 98 சதவீதம் உள்ள ஒரு நல்ல சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயே இல்லாத பேட்ச்சில் முப்பது கோழிகளைச் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது தவறாகப் பாசிட்டிவ் காட்டும் வாய்ப்பு கிட்டத்தட்ட 45 சதவீதம். ஏறக்குறைய நாணயம் சுண்டுவது மாதிரி. முப்பது என்ற எண்ணே எங்கிருந்து வருகிறது என்றால், பெரிய பேட்ச்சில் பத்து சதவீதக் கோழிகளுக்குத் தொற்று இருந்தால் 95 சதவீத நம்பிக்கையோடு ஒன்றையாவது பிடிக்க 29 போதும் என்ற கணக்கிலிருந்து. ஐந்து சதவீதம்தான் தொற்று என்றால் 59 வேண்டும். ஒரு சதவீதம் என்றால் 299. தொற்று நுழைந்த முதல் வாரத்தில் ஒரு ஷெட்டில் எத்தனை சதவீதம் இருக்கும் என்று யோசித்தால், முப்பது சீரம் சுத்தம் என்ற தாள் எவ்வளவு மெலிந்தது என்பது புரியும். ஒன்று திரண்டால் பதறக்கூடாது, ஒன்பது திரண்டால் தூங்கக்கூடாது. அதுவும் கரைத்த பிறகும் திரண்டால் நிச்சயமாகக் கூடாது.

வைரஸ் நோய்களில் வேறு சிக்கல்

மைக்கோபிளாஸ்மாவில் சோதனைகள் முரண்படுவது பெரும்பாலும் காலத்தால். வெள்ளைக்கழிச்சல், தொற்று மூச்சுக்குழல் அழற்சி போன்ற வைரஸ் நோய்களில் முரண்பாடு வேறு மாதிரி வருகிறது. அங்கே வணிகப் பண்ணையில் எல்லாக் கோழிகளும் தடுப்பூசி போட்டவை, ஆன்டிபாடி எல்லாவற்றிலும் இருக்கும். "இருக்கிறதா?" என்று கேட்பதில் பொருளே இல்லை, எவ்வளவு, எவ்வளவு சீராக, எதற்கு எதிராக என்றுதான் கேட்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலில் எச்.ஐ. ஒரு ராஜா. 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட், இன்ஃபுளுயென்சா வைரஸ் ஏற்றிய கோழிக் கருமுட்டையிலிருந்து திரவத்தை எடுக்கும்போது, கிழிந்த நாளங்களிலிருந்து கசிந்த ரத்த அணுக்கள் அதில் கட்டிகட்டியாகத் திரள்வதைக் கவனித்தார். எச்.ஐ. சோதனை அங்கே பிறந்தது. வெள்ளைக்கழிச்சல் வைரஸும் அதே மாதிரி அணுக்களைத் திரட்டும் என்பதால் சோதனை இங்கேயும் பொருந்திவிட்டது. எச்.ஐ. பார்ப்பது வைரஸின் மேலிருக்கும் எச்.என். என்ற ஒரே புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை. எலைசா தட்டின் சின்னக் குழிகளின் அடியில் பெரும்பாலும் முழு வைரஸும் பூசப்பட்டிருக்கும். இரண்டின் அளவுகளும் சேர்ந்து ஏறி இறங்கும்தான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைப் பெருக்கி வருவிக்க முடியாது. எச்.ஐ. படிக்குப் படி இரட்டிக்கும் ஏணி, எலைசா ஆயிரங்களில் வரும் எண். இரண்டு வெவ்வேறு கிட்களின் ஆயிரங்களைக்கூட ஒப்பிட முடியாது. போன பேட்ச்சுக்கு ஒரு கிட், இந்த பேட்ச்சுக்கு இன்னொரு கிட் என்று மாற்றிவிட்டு "ஆன்டிபாடி பாதியாகிவிட்டது" என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூச்சுக்குழல் அழற்சியில் எலைசா வைரஸின் எந்த செரோடைப் (உட்பிரிவு) என்று பிரித்துச் சொல்லாது; மாசசூசெட்ஸ், 4/91, கியூஎக்ஸ் எதுவானாலும் ஏறிய அளவைக் காட்டும். எச்.ஐ. ஓரளவு பிரித்துக் காட்டும், அதுவும் இளங்கோழிகளில். பல தடுப்பூசிகளும் ஒன்றிரண்டு தொற்றுகளும் கண்ட வயதான கோழியின் சீரம் எல்லா ஆன்டிஜெனோடும் வினைபுரிந்து குழப்பிவிடும். அதனால் இங்கேயும் கடைசியில் போய் நிற்பது இரண்டாவது ரத்தத்தில்தான்: நோய் தொடங்கியபோது ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று, நடுவில் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று. குஞ்சுகளில் இன்னொரு கண்ணி உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் அவற்றின் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி மஞ்சள் கரு வழியாகத் தாய் கொடுத்தது. ஒருநாள் குஞ்சின் ரத்தத்தில் எலைசா அளவு அதிகம் என்றால் நாம் சோதித்தது தாயைத்தான்.

மைக்கோபிளாஸ்மாவுக்கும் உயிருள்ள தடுப்பூசி போடும் பண்ணைகளில் ரத்தச் சோதனை இன்னும் சிக்கலாகிறது. எஃப் விகாரத் தடுப்பூசி போட்ட பேட்ச்சில் சோதனைகள் நன்றாகவே பாசிட்டிவ் காட்டும். டிஎஸ்-11 என்ற தடுப்பூசி போட்டதில் மெலிதாகத்தான் காட்டும். வந்தது தடுப்பூசியா நோயா என்று சீரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அங்கே பி.சி.ஆர். செய்து, மரபு வரிசையைப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

இப்போது

எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. ஒன்று, கடைசி எண்ணெய்த் தடுப்பூசி போட்டு எத்தனை நாள். இன்னொன்று, பேட்ச்சுக்குக் கடந்த மூன்று வாரத்தில் டைலோசின், டியாமுலின் போன்ற மருந்து ஏதும் கொடுத்தார்களா; மருந்து ஆன்டிபாடி எழுவதை மந்தப்படுத்திவிடும். தட்டில் திரண்ட ஒவ்வொரு சீரத்தையும் கரைத்துப் பார்க்காமல் தாள் என் மேசைக்கு வருவதில்லை. சோதனைகள் முரண்பட்டால் முடிவுக் கட்டத்தில் நான் இப்போது பாசிட்டிவ் என்றோ நெகட்டிவ் என்றோ எழுதுவதில்லை. முரண்பாட்டையே எழுதுகிறேன், கூடவே அடுத்த ரத்தத்துக்கான தேதியையும். சில பண்ணைக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஒரு வார்த்தையில் பதில் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, முட்டை காத்திருக்காது.

ஆனால் காத்திருக்கும், கொஞ்ச நாள். அன்று நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான். அடைக்கு வைக்கும் முட்டையைச் சரியான குளிர்ச்சியில் ஒரு வாரம்வரை வைத்திருந்தால் பொரிக்கும் திறன் பெரிதாகக் குறையாது. மேலண்ணத்துப் பிளவிலும் மூச்சுக்குழலிலும் துடைப்பு எடுத்து அனுப்பினால் பி.சி.ஆர். முடிவு இரண்டு மூன்று நாளில் கைக்கு வரும். ஆன்டிபாடி எழும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை, கிருமி தொண்டையிலேயே இருக்கிறது. எந்த ரத்தச் சோதனை சரி என்று வாதாடியதற்குப் பதில் அன்றே துடைப்பு எடுக்கச் சொல்லியிருந்தால், மூன்று நாள் முட்டையை நிறுத்தி வைத்ததோடு போயிருக்கும். தட்டுச் சோதனை என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான்.

போன வாரம் இன்னொரு தாய்க்கோழி பேட்ச். முப்பதில் நான்கு திரண்டன, அதில் இரண்டு நாலில் ஒன்றாகக் கரைத்த பிறகும். எலைசா முழுக்கச் சுத்தம். தடுப்பூசி போட்டு பதினொரு வாரம். அக்கா தாளை மேசையில் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் துடைப்புக் குழாய்ப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். நான் பண்ணைக்குப் போன் செய்தேன். "முட்டையை அனுப்பலாமா டாக்டர்?" என்று கேட்டார்கள். "குளிர் அறையில வச்சிருங்க. இருபது கோழிக்குத் துடைப்பு எடுக்க ஆள் வர்றாங்க. வியாழக்கிழமை சொல்றேன்" என்றேன். நாளை வியாழக்கிழமை.